பேச்சுப் போகாத கம்பி

முப்பத்துநான்கு வருஷம் நான் ரெலிபோன் கம்பி இழுத்தவன். கப்பல்துறையிலிருந்து சீனன்குடா வரைக்கும் நான் ஏறாத கம்பம் ஒன்று இருந்தால், அது நான் ஓய்வு பெற்ற பிறகு நட்டதாகத்தான் இருக்கும். அத்தனை வருஷத்தில் ஒரு சனமாவது கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, என்ன வடிவாய்க் கட்டியிருக்கிறான் என்று சொன்னதில்லை. லைன் வேலை செய்யாத நாளில் மட்டும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது சொல்லுகிறதை இங்கே எழுத ஏலாது.

நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிற கம்பி ஒன்றே ஒன்றுதான். அது பென்சனுக்கு வந்த பிறகு சம்பளமில்லாமல் இழுத்தது. அதில் பேச்சும் போகாது, கரண்டும் போகாது. உண்மையைச் சொன்னால் அது கம்பியே இல்லை, மீன்பிடிக்கிற தங்கூசி. பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நைலோன் நூலைக் கட்டிவிட்டு இரண்டு வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன். நெஞ்சை விட வயிறுதான் கூட நிமிர்ந்திருக்கு என்பது மனைவியின் கணிப்பு.

ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. குசினியில் போத்தல்களை உயரப்படி அடுக்கி வைத்தேன். மிளகாய்த்தூள் எங்கே என்று மூன்று நாள் தேடினாள். பிறகு ஒருநாள் பல்ப் மாற்றுவதற்காகக் கதிரையில் ஏறி, விழுந்து, முழங்காலைப் பழுதாக்கிக்கொண்டேன். முப்பதடிக் கம்பத்தில் ஒருநாளும் வழுக்காதவன் ஒன்றரை அடிக் கதிரையிலிருந்து விழுந்தான் என்ற செய்தி குறிஞ்சாக்கேணி வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் என்னோடு ஒன்றாய் வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாய் ஓய்வு பெற்ற என் கூட்டாளி இருக்கிறான். அவன் எடுத்த எடுப்பிலேயே, கதிரைக்கு எத்தனை தையல் என்று விசாரித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: ஏணி, வாங்கு, கதிரை, கட்டில் எதன் மேலும் நான் நிற்கக்கூடாது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டை யூதர்கள் வாடகைக்கு எடுத்தார்கள்.

துறைமுகம் உள்ள ஊரில் யார் வந்து குடியேறினாலும் ஒரு கிழமைதான் புதினம். இவர்கள் வேலைக்காக இங்கே தங்கியிருந்த நாலைந்து குடும்பங்கள். அவர்களோடு கடல் அமைதியான மாதங்களில் வந்து போகிற விருந்தாளிகள். வீட்டின் முன்மண்டபத்தைத் தொழுகைக்கூடமாக்கி, கிழக்கே பாராமல், அவர்களுடைய புண்ணிய நகரம் இருக்கிற வடமேற்கே பார்த்துக் கதிரைகளைப் போட்டார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறவரை ரபி என்பார்கள். எங்கள் ரபிக்கு என் மகனின் வயது. தாடிக்கு மட்டும் என் தகப்பனின் வயது.

உதவி தேவையோ என்று கேட்கப் போனதாக நான் ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் யார் எவர் என்று விடுப்புப் பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் அவர்களுடைய தண்ணி மோட்டர் கழுத்தை நெரித்த கோழி மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. வோஷர் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் படலைக் கீல். அதற்கடுத்த நாள் கூரையில் ஒழுக்கு. கீழே நின்று கை காட்டினேன், ரபி ஏறினார். சம்பளம் பேச வந்தபோது வேண்டாம் என்றேன். சம்பளம் வாங்கினால் நேரத்துக்கு வரவேண்டும்.

அவர்களுடைய சனிக்கிழமை வெள்ளி பொழுதுபடத் தொடங்கி, சனி இருட்டித்தான் முடியும். அதற்குள்ளே வேலை என்று ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டுவதில்லை, எழுதுவதில்லை, சுவிச்சைத் தொடுவதில்லை, ரெலிபோனைத் தொடவே மாட்டார்கள். கிழமையில் ஒரு நாள் ரெலிபோனைத் தொடாத சனத்துக்குத் தொண்டு செய்யப் போனவன் ஒரு ரெலிபோன்காரன் என்பதைக் கேட்டு என் கூட்டாளி ஒரு மாதம் சிரித்தான்.

இன்னொருவரிடம் ஃபானைப் போடு என்று கேட்கவும் அவர்களுக்கு ஏலாது. எனக்கு அது தெரியாது. ஒரு சனிக்கிழமை வயதான விருந்தாளி ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, இன்றைக்குச் சரியான வெக்கை என்றார். ஓம், கச்சான் காற்று இன்னும் மூன்று கிழமைக்கு இருக்கும் என்று நான் விளக்கமாகச் சொன்னேன். எனக்கு மேலே ஃபான் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என் விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அந்த மனிதர் தொடர்ந்து வியர்த்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கொச்சிக்காரி இருந்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். தாய்மொழி மலையாளம். அவள் பேசுவது எங்களுக்கு முக்கால்வாசி விளங்கும், நாங்கள் பேசுவது அவளுக்கு முழுக்க விளங்கும். புருஷன் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். தொழுகைக்கூடத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. என்னைச் சேட்டா என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் எல்லாரும் அங்கிள் என்கிற வயதில் ஒருத்தி அண்ணன் என்று கூப்பிட்டால் அவளுக்கு எதுவும் செய்யலாம். அவள் மனைவியைச் சேச்சி என்றதால் வீட்டிலும் எதிர்ப்பு வரவில்லை.

பிள்ளை பிறக்கும் வரைக்கும் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. பாட்டில் அவளுடைய குரல்தான் எங்கள் மதிலுக்கு மேலால் வரும். பெண்குழந்தை பிறந்த பிறகு குரலைக் காணவில்லை. ஒரு சனிக்கிழமை நான் அவள் வீட்டுப் பக்கமாய் நடந்து போனபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படலைக்கு உள்ளே நின்றாள். வெளியே ஒரு அடி வைக்கவில்லை. தொழுகைக்கூடத்துக்கு அங்கிருந்து மூன்று நிமிஷ நடை. பிள்ளை பாரமோ என்று நினைத்துக்கொண்டு, தாங்கோ நான் தூக்கிக்கொண்டு வாறன் என்று கையை நீட்டினேன்.

அவள் சிரித்துவிட்டு, நான் சொன்னதுக்காக நீங்கள் தூக்கினால் நான் தூக்கின மாதிரித்தான் சேட்டா என்றாள். பிறகு விளங்கப்படுத்தினாள். அந்த நாளில் வீட்டிலிருந்து தெருவுக்கு ஒன்றையும் சுமந்துகொண்டு போகக்கூடாது. மூக்குத் துடைக்கிற லேஞ்சி, கதவுத் திறப்பு, குடை ஒன்றும் கூடாது. நடக்கத் தெரியாத பிள்ளையும் அந்தக் கணக்குத்தான். நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் அவளுடைய உலகம் படலையோடு முடிந்துபோனது.

ஆனால் வழி ஒன்று இருந்தது. சுற்றிவர மதில் இருந்தால் உள்ளே இருக்கிற ஒழுங்கைகள் எல்லாம் ஒரே வீட்டின் முற்றம் மாதிரி, தூக்கிக்கொண்டு நடக்கலாம். மதில் இல்லாத இடைவெளியில் இரண்டு கம்பம் நட்டு மேலே ஒரு நூலைப் போட்டால் அது வாசல். வாசல் உள்ள மதில் மதில்தானே. அதற்கு ஏருவ் என்று பேர். பெரிய நகரங்களில் யாராவது கட்டியிருப்பார்கள். திருகோணமலையில் யார் கட்டுகிறது?

இதைக் கேட்டபோது என் முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது. கம்பம், நூல், இடைவெளி. இந்த மூன்றையும் விட்டால் எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது.

அவசரமும் இருந்தது. அவர்களுடைய வேத ஏட்டைத் திறந்து வாசிக்கிற நேரத்தில்தான் பெண்பிள்ளைக்குப் பேர் சொல்லுவார்கள். ஏட்டைத் திறக்கப் பத்து ஆம்பிளைகள் வேண்டும். கடல் குழம்பத் தொடங்கினால் விருந்தாளிகள் போய்விடுவார்கள், பிறகு அடுத்த வருஷம் வரைக்கும் பத்துப் பேர் சேராது. அப்போது பத்துப் பேர் நிச்சயமாக இருந்தது இன்னும் இரண்டே சனிக்கிழமைக்குத்தான். பேர் சொல்லத் தகப்பன் போனால் போதுமாம். பிள்ளை பிறந்த கிழமையே அவன் போகத் தயாராக இருந்தான். இவள்தான் விடவில்லை. பிள்ளையை இன்னும் மோளே, மோளே என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ட மோளுக்குப் பேர் விளிக்கும்போது நான் அங்கே வேணும், சேட்டா," என்றாள். "பெத்தது நானல்லோ."

நான் அன்று இருட்டின கையோடு ரபியிடம் போய், வேலை என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒழுங்கைகளைப் பார்த்துக் குறித்து, மதில்காரர்களிடம் சம்மதம் கேட்டு, நகரசபைக் கடிதமும் எடுத்துத் தந்துவிட்டு, ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனார். இரண்டாம் வெள்ளி காலையில்தான் வருவேன், வந்ததும் பார்ப்பேன் என்றார். போகும்போது எப்படிக் கட்டவேண்டும் என்று ஒரு தாளில் படம் கீறிக் கையில் தந்தார். நான் மரியாதைக்கு வாங்கினேன். எனக்குக் கம்பம் கட்டப் படம். மீனுக்கு நீச்சல் வகுப்பு. தாளை நாலாய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த ரீவி மேசையின் காலுக்குக் கீழே வைத்தேன். மேசை ஆடாமல் நின்றது. அந்தளவில் அந்தப் படத்தால் ஒரு பிரயோசனம் இருந்தது.

ஐந்து இடைவெளிகளுக்குப் பதினொரு கம்பம் தேவைப்பட்டது. ஒரு இடைவெளி நீளமானபடியால் நடுவிலும் ஒன்று. கப்பல்துறையில் பழைய இரும்பு விற்கிறவரிடம் பைப் எடுத்தேன். தங்கூசி வலை போடத்தான் தடை, தங்கூசி நூல் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஏணியில் ஏறக்கூடாது என்ற சட்டம் இருந்ததால், பைப்பை நிலத்தில் கிடத்தி வைத்தே பிடியைப் பூட்டி, நூலைக் கட்டி, பிறகு நிமிர்த்திக் குழியில் இறக்கிச் சீமெந்து போட்டேன். என்னுடைய பழைய வேலையில் கம்பியைக் கம்பத்தின் பக்கவாட்டில்தான் கட்டுவோம். உச்சியில் கட்டினால் காற்றுக்கு நிற்காது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே மண்டையில் தட்டித் தட்டிப் பழக்கியிருந்தார்கள். அப்படியே கட்டினேன். உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே, பக்கவாட்டில், ஏழு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். மான் கொம்பு முட்டாத உயரம். எங்கள் பகுதியில் கோட்டைப் பக்கமிருந்து வருகிற புள்ளிமான்கள் காலாற நடந்து திரியும். அவற்றுக்கு மதிலும் ஒன்றுதான், வாசலும் ஒன்றுதான்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

வெள்ளி காலை பத்து மணிக்கு ரபி வந்தார். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். முதல் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் தாடியைத் தடவினார். வியப்பில் வாயடைத்துப் போனார் என்று நினைத்தேன். பதினொன்றையும் பார்த்து முடித்தபிறகு, மிகவும் மெல்லிய குரலில், வீட்டு நிலைக்கு மேலே இருக்கிற குறுக்குச் சட்டம் எங்கே இருக்கும் என்று கேட்டார். நிலைக்கு மேலேதான் என்றேன். பக்கத்தில் தொங்குமோ என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் அண்ணாந்து பார்த்தேன்.

இது வாசல். கம்பங்கள் இரண்டும் நிலைக்கால். நூல்தான் மேல்சட்டம். மேல்சட்டம் நிலைக்காலின் தலையில் இருக்கவேண்டும். பக்கத்தில் கட்டினால் அது எவ்வளவு வடிவான கட்டானாலும் வாசல் இல்லை, கயிறு. பதினொரு கம்பமும் பிழை. ஏழு சுற்றும் பிழை. படத்தைப் பார்த்தீர்களோ என்று ரபி கேட்டார். பார்த்தேன், விளங்கவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது மனைவி ரீவி மேசையைத் தூக்கி, மடித்த தாளை எடுத்து விரித்து, என் முன்னால் பிடித்தாள். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் படம். இரண்டு கோடு, அவற்றின் தலையில் ஒரு கோடு. பிறகு தாளைத் திரும்ப மடித்து, மேசைக்காலுக்குக் கீழே வைத்தாள்.

விஷயத்தைக் கொச்சிக்காரியிடம் சொல்லவேண்டும். போனேன். முற்றத்துக் கொடியில் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் சின்னதாய்ப் பூ வேலை. நான் அதைப் பார்த்துக்கொண்டே, நடந்ததை முழுக்கச் சொன்னேன். படம் மேசைக்குக் கீழே இருந்ததையும் சொன்னேன். ரபியிடம் பொய் சொன்னவன் அவளிடம் ஏன் உண்மையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. சேட்டா என்று கூப்பிடுகிறவளுக்குப் பொய் சொல்லக் கஷ்டம். அடுத்த சனிக்கிழமை பத்துப் பேர் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் சட்டையைத் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"பொழுது ஆறு மணிக்கல்லோ படும்," என்றாள். "இப்போ பன்னிரண்டுதானே ஆவுது."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. என்னால் முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கோ நிறையவே இருந்தது. கம்பங்கள் சீமெந்தில் இறுகி நிற்கின்றன. இனி ஏணி வைத்து ஏறித்தான் மாற்றவேண்டும், ஏறினால் என் முழங்காலும் போகும், கல்யாண வாழ்க்கையும் போகும். குறிஞ்சாக்கேணிக்குப் போன் எடுத்தேன்.

கூட்டாளி முதலில் நன்றாகச் சிரித்தான். பிறகு கம்பம் யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். சிரிப்பு நின்றது. அவன் பின்னேரம் செய்தி பார்க்கிற ஆள். யூத நாட்டுச் சண்டைச் செய்திகளில் காட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போகிற ஆள். அது எனக்கும் தெரியும்.

"கொடி கிடி ஏதும் கட்டுறீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல மச்சான். வெறும் தங்கூசி. ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கோணும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பழக்கத்தில் ஹலோ, ஹலோ என்றேன்.

"பிள்ளைக்கு எத்தின மாசம்?" என்று கேட்டான்.

"நாலு."

"ஜும்ஆத் தொழுகை முடிச்சிட்டு வாறன். உச்சியில என்னத்தில கட்டப்போறாய், அத யோசிச்சு வை."

அதை யோசித்தது நான் இல்லை, மனைவி. பைப்பின் வாயில் ஒரு மரக்கட்டையை இறுக்கி, கட்டையின் தலையில் ஒரு வெட்டுப் போட்டு நூலை இருத்தலாமே என்றாள். கட்டைக்கு எங்கே போகிறது என்றேன். உள்ளே போய்த் தும்புத்தடியை எடுத்து வந்தாள். கூட்டுகிற தும்பைக் கழற்றிவிட்டுப் பிடியை மட்டும் நீட்டினாள். பிடி பைப்பின் வாய்க்கு அளந்து செய்த மாதிரி இறங்கியது. பதினொரு துண்டாக அரிந்தேன். அடுத்த ஒரு மாதம் அவள் வீட்டைக் குனிந்துதான் கூட்டினாள். குனிகிற ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கூட்டாளியின் மோட்டார்சைக்கிள் வந்தது. தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, முதல் கம்பத்தில் ஏறி என் ஏழு சுற்றையும் நெருங்கிப் பார்த்தான். வடிவாத்தான் கட்டியிருக்கிறாய் என்றான். முப்பத்துநான்கு வருஷத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சொல்லிவிட்டுக் கத்தியால் அதை அறுத்தான்.

அவன் ஏறினான், நான் ஏணியைப் பிடித்தேன், மனைவி கட்டைகளைக் கடகத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். ரபி தானும் ஏறுகிறேன் என்றார். அவர் கூரையில் ஏறியதை நான் பார்த்திருந்தபடியால் வேண்டாம் என்று சொல்லி, பழைய நூலைச் சுற்றி எடுக்கக் கொடுத்தோம். நாலாவது கம்பத்தில் கூட்டாளி மேலே இருந்துகொண்டு, உச்சியில் கட்டுறதைப் பார்த்தால் நம்மட பழைய சுப்பவைசர் நம்மளத் தலைகீழாய்த் தொங்கவிட்டிருப்பார் என்றான். ஆறாவதில் அசர் தொழுகைக்கு நேரமாகியது. பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்வந்தான். அந்த இடைவேளையில் மனைவி வெள்ளிக்கிழமைச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ரபி அடிக்கடி சூரியனைப் பார்த்தார். எல்லாருக்கும் அன்று வெள்ளிக்கிழமைதான், எனக்கு மட்டும் அது பரீட்சை நாள்.

ஐந்தே காலுக்குப் பத்துக் கம்பம் முடிந்தது. பத்தாவதில் இறுக்கிய நூல் நழுவி, கூட்டாளியின் பெருவிரலை ஆழமாய் வெட்டிவிட்டது. மனைவி சீலைத்துண்டால் கட்டினாள். அந்தக் கையால் இனி முடிச்சுப் போட ஏலாது. பதினோராவது கம்பம் எங்கள் வீட்டுக்கு முன்னால்தான். அங்கே போனால் கம்பத்தடியில் ஒரு கலைமான் படுத்திருந்தது. ஏணி வைக்க வேறு இடமில்லை. கூட்டாளி அதைப் பார்த்து, கொஞ்சம் அங்கால இருங்க என்று மரியாதையாகச் சொன்னான். அது அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது. மனைவி உள்ளே போய்க் கத்தரிக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும் கொண்டுவந்து பத்தடி தள்ளிப் போட்டாள். மான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்களுக்காகப் போகவில்லை, தோலுக்காகப் போகிறேன் என்ற மாதிரி எழும்பிப் போனது.

ஏணியை வைத்தோம். ஏற ஆளில்லை. ரபி கைகளைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள்.

"நான் விளக்கேத்தப் போறன்," என்றாள். "திரும்பி வரேக்க நீங்கள் நிலத்தில நிக்கோணும்."

போய்விட்டாள். சாமியறை விளக்குக்குத் திரி போட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அன்றைக்குப் பத்து நிமிஷம் எடுத்தாள்.

ஒன்பது படி. முப்பதடிக் கம்பங்களை ஓடி ஏறியவன் ஒன்பதடிப் பைப்புக்கு ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினேன். கீழே ரபியும் என் முஸ்லிம் கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கமாய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் மொழியில் எதையோ முணுமுணுத்தார்கள். கட்டையை இறுக்கி, வெட்டில் நூலை இருத்தி, மூன்று சுற்றுச் சுற்றினேன். ஏழு சுற்றுக்கு நேரமில்லை. மேலே இருந்து பார்த்தால் உள்துறைமுகத்துத் தண்ணி செம்பு நிறத்தில் கிடந்தது. ஒழுங்கை முனையில் கொச்சிக்காரி பிள்ளையோடு படலைக்குள்ளே நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் காட்டலாம் என்று நினைத்தேன். முழங்கால் விடவில்லை.

நான் இறங்கி நின்றபிறகுதான் வாசலுக்கு மனைவி வந்தாள். விபூதி மணம் வந்தது. ரபி கடைசிக் கம்பத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு விளக்குக்கு ஓடினார். கூட்டாளி இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, தையல் போட்டால் செலவு உன்னுடையது என்று சொல்லிக்கொண்டு போனான். அவனுடைய பெருவிரலில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. என்ன என்று யாராவது கேட்டால், பேர் வைத்த காயம் என்பான்.

அடுத்த நாள் காலையில் நான் தொழுகைக்கூடத்துப் படலையில் நின்றேன். எட்டு மணிக்கு அவள் வந்தாள். புருஷன் வெறுங்கையோடு முன்னால் நடந்தான். பிள்ளையை அவனிடம் அவள் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை தோளில் கிடந்து எச்சில் வடித்தது. என்னைத் தாண்டி நேரே உள்ளே போனாள்.

ஏட்டைத் திறந்தார்கள். பத்துப் பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. வெக்கையென்று சொன்ன பெரியவரும் இருந்தார். இந்த முறை ஃபான் வெள்ளிக்கிழமையே சுற்றத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரபி பேரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன், அது அந்தப் பிள்ளையுடையது. பெண்கள் இருக்கிற பக்கத்திலிருந்து நாலு மாதமாய் எங்கள் மதிலுக்கு மேலால் வராத குரல் பாடத் தொடங்கியது. என் கண்ணில் தூசி விழுந்தது. கச்சான் காற்று அப்போது ஓய்ந்துவிட்டது என்பது ஒரு சின்னப் பிரச்சினை.

தொழுகை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்தாள். ஒவ்வொரு கம்பம் வரைக்கும் போய், அண்ணாந்து பார்த்து, திரும்பினாள். பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நான் கொஞ்சம் தள்ளி, சும்மா நடக்கிறவன் மாதிரிப் பின்னால் நடந்தேன். ஆறாவது கம்பத்தில் அவள் திரும்பி, சேட்டா, ஒளிச்சு நடக்கத் தெரியேல்ல உங்களுக்கு என்றாள்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடும் நூலுக்கு உள்ளேதான். கட்டும்போது எனக்கு அது யோசனையில் வரவே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு சனிக்கிழமையில் அவள் ஏறிய முதல் அயல்வீட்டுப் படி அது. மனைவி ஓடிவந்து பிள்ளையை வாங்கி, அன்றைக்குக் கிடைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மலையாளமும் இல்லாத, அவர்களுடைய மொழியும் இல்லாத, தனி உச்சரிப்பு. பிள்ளை திரும்பிப் பார்த்தது. நாலு மாதப் பிள்ளை எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கும் என்று நான் சொன்னேன். இரண்டு பெண்களும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

வெளியே அந்தக் கலைமான் திரும்ப வந்திருந்தது. மான் காட்டுகிறேன் என்று மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டி நடந்தாள். மான் கம்பத்துக்கு அப்பால் நின்றது.

"அந்தக் கம்பத்துக்கு அங்கால வேண்டாம் சேச்சி," என்றாள் கொச்சிக்காரி.

மனைவி நின்றாள். அவளுக்கு அந்தச் சட்டம் இல்லை, அவள் வெள்ளிக்கிழமை விரதக்காரி. ஆனாலும் கம்பத்துக்கு நேராய், ஒரு காலை முன்னுக்கு வைக்கப் போனவள் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி, மற்றக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தாள். வெயிலில் நூல் ஒரு நொடி மின்னியது. அவள் அதைக் கண்டுவிட்டாள். நூலோடு கண்ணை ஓடவிட்டு, இந்தப் பக்கத்துக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கம்பம் வரைக்கும் பார்த்தாள். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக, கட்டின கம்பியை அவள் கண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்ச பாருங்கோ," என்றாள். "அந்தக் கம்பம் கொஞ்சம் சரிவு."

சரிவுதான். இரண்டு வருஷமாய் ஒவ்வொரு வெள்ளியும் போய்ச் சுற்றிப் பார்க்கிறேன், இன்னும் சரிவுதான். நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை.